ஒவ்வொரு விநாடியும் கணக்குதான் தம்பி

நான்கு நாள் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டிய தம்பியின் அனுபவத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் நாள் சாப்பிட மறந்து, கடைசியில் கால் அசையவே இல்லை என்கிறார். காரைக்குடியில் என் அக்கா மகனுக்கும் இதேதான் நடந்தது. தேவகோட்டை ரோட்டில் விடியற்காலை தனியாக ஓட்டிப் பழகியவன், பசித்த பிறகுதான் வாழைப்பழத்தை எடுத்தான். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. இப்போது பசிக்கிறதோ இல்லையோ, அரை மணிக்கு ஒரு கடலை மிட்டாய்.

இன்னொன்று, காற்று. செட்டிநாட்டில் ஏற்றம் குறைவு, ஆனால் ஆடியில் கண்மாய்க் கரையோரம் போனால் பக்கவாட்டில் தள்ளிவிடும். அப்போது முன்னால் போகிறவரின் நேர் பின்னால் ஒண்டினால் போதாது. காற்றுக்கு மறைவான பக்கமாக, சாய்ந்த வரிசையில் போக வேண்டும். இதைத் தனியாகப் பழக முடியாது, நாலு பேராவது வேண்டும்.

முன்னால் போன கூட்டத்தைத் தவறவிட்டதும் "இனி எதற்கு" என்று மெதுவாக ஓட்டினேன் என்று தம்பி எழுதிய இடத்தில் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எல்லா நாள் நேரத்தையும் கூட்டித்தானே முடிவு? பிரான்ஸில் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில், 1989இல், மூன்று வாரம் ஓட்டிய பிறகு அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் ஜெயித்தது வெறும் 8 விநாடியில். கடைசி நாள் தொடங்கும்போது அவர் 50 விநாடி பின்னால் இருந்தார்.

சரி, அடுத்த பந்தயத்துக்கு முன் இந்தப் பக்கம் வாருங்கள். ஞாயிறு காலை பிள்ளையார்பட்டி வரை எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து ஓட்டலாம்.