ரெண்டு குண்டு போட்டா மேட்டர் ஓவராமே!

நேற்று முழுக்க ஓடிய அந்த வீடியோ பற்றித்தான். பாதிப்பேர் ஷேர் செய்திருக்கிறீர்கள், விளக்கத் தேவையில்லை. நிலநடுக்கத்தில் மலை சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டால் "ராணுவம் வந்து ரெண்டு குண்டு போட்டா மேட்டர் ஓவர்" என்கிறார் வீடியோவில் பேசும் அண்ணன். கீழே பொறுமையாக நாலு வரி எழுதினேன். கிடைத்த பட்டம்: ஏசி ரூம் விஞ்ஞானி. இருக்கட்டும்.

ஐயா, சரிந்த மண்ணும் பாறையும் ஆற்றுக்குக் குறுக்கே அணையாகி, பின்னால் ஏரியாகத் தண்ணீர் தேங்கும்; அணை உடைந்தால் கீழே உள்ள ஊர்களுக்கு வெள்ளம். அந்த அணை சுவர் இல்லை. 2008 மே 12 அன்று சீனாவின் வென்சுவான் நிலநடுக்கத்தில் தாங்ஜியாஷானில் ஆற்றை மறித்து விழுந்தது சுமார் 2 கோடி கன மீட்டர். ஆற்றின் போக்கில் 803 மீட்டர் நீளம், தாழ்ந்த இடத்திலேயே 82 மீட்டர் உயரம். எங்கே வைப்பீர்கள் குண்டை? மேலே மண்ணும் சில்லுக்கல்லும், அடியில் நொறுங்கியும் அடுக்குக் கலையாத பாறை. வெடித்தால் மேல்மண் இளகும். உடைப்பு எவ்வளவு ஆழம் போகும் என்பது பிறகு உங்கள் கையில் இல்லை. அதிர்வு முகட்டில்தான் பெருகும் என்பதால் இந்தச் சரிவுகள் பெரும்பாலும் உச்சியிலிருந்தே பிய்த்துக்கொண்டு வருகின்றன. பிய்ந்த இடத்தின் ஓரத்தில் விரிசல் விட்ட மீதி மலை தொங்கிக்கொண்டிருக்கும். அதன் காலடியில் வெடி!

அங்கே என்ன செய்தார்கள்? சாலை கிடையாது. பொக்லைனையும் புல்டோசரையும் ஹெலிகாப்டரில் தூக்கிப் போய் 475 மீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள். நீர் வழியும் மட்டம் சுமார் 12 மீட்டர் இறங்கியது. அவ்வளவுதான் சூட்சுமம். வழிகிற தண்ணீர் அணையின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஏரியை நோக்கி அரித்துக்கொண்டு வரும். அந்த அரிப்பு ஏரியைத் தொடும்போது உள்ளே எவ்வளவு குறைவாகத் தேங்கியிருக்கிறதோ, அவ்வளவு சிறிதாக இருக்கும் வெள்ளம். அப்படியும் ஜூன் 10 அன்று வினாடிக்கு 6,500 கன மீட்டர் பாய்ந்தது. முன்னதாகவே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றியிருந்தார்கள்.

"சீனாக்காரனே ராக்கெட் அடிச்சானே?" அடித்தான், வாய்க்காலில் சிக்கிய பாறையை உடைக்க. அணையை அல்ல. அடுத்து.

"பாமீர்ல சாரெஸ் ஏரி நூறு வருஷமா நிக்குதே, சும்மா விட்டா என்ன?" இது நியாயமான கேள்வி. தஜிகிஸ்தானில் இருக்கும் அந்த ஏரியைத் தேக்கி வைத்திருப்பது, 1911இல் மலை சரிந்து உருவான உசோய் அணை. 567 மீட்டர் உயரம், இரண்டு கன கிலோமீட்டருக்கும் மேல் பாறை. தண்ணீர் மேலே வழியாமல் ஊடே கசிந்து வெளியேறுகிறது, அதனால் நிற்கிறது. அதையும் கண்காணித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். எல்லாச் சரிவும் உசோய் ஆகாது. உடைந்ததாகப் பதிவான இப்படிப்பட்ட சரிவு அணைகளில் ஏறக்குறைய பாதி, பத்து நாளுக்குள்ளேயே உடைந்தவை.

1950 ஆகஸ்ட் 15 அசாம் நிலநடுக்கத்தில் சுபன்சிரி ஆறு அடைபட்டது. எட்டு நாள் தாங்கியது. உடைந்தபோது 7 மீட்டர் அலை, 532 பேர் போனார்கள். எட்டு நாளில் என்னவெல்லாம் செய்யலாம்! ஏரிக்கரைப் பாறையில் பெயின்ட் கோடு போட்டு மணிக்கொரு தரம் மட்டம் பார்க்கலாம். அணையின் அடியில் கசிவது தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா என்று பார்க்கலாம். கலங்கல் என்றால் உள்ளே அரிக்கிறது, கீழே உள்ள ஊர் அந்த நிமிடமே காலியாக வேண்டும். அந்தப் பன்னிரண்டு நிமிட வீடியோவில் கீழே இருக்கும் ஊர் பற்றி ஒரு வார்த்தை உண்டா? ஆனால் பின்னணி இசை பிரமாதம்.

கமென்ட் திறந்தே இருக்கிறது. "அப்போ பெரிய குண்டா போடலாமே" என்று வருபவர்கள் கன மீட்டர் கணக்கோடு வரவும்.