பேசிக்கொண்டே ஓடும் தூரம்

கல்யாண வீட்டிலும் காதுகுத்து விருந்திலும் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “இந்த வயதில் ஐம்பது கிலோமீட்டர் ஓடி என்ன சாதிக்கப் போகிறாய்?” பந்தியில் நின்றுகொண்டு பதில் சொல்கிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டிய ஓட்டமெல்லாம் அல்ட்ரா மாரத்தான். கிரேக்கத்தில் ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டா வரை 246 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். நம்மவர்களுக்கும் நெடுந்தூரம் புதிதல்ல. தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். என்ன சாதித்தீர்கள் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

எனக்கு இந்த ஓட்டம் கொடுத்தது சிநேகிதம். அது ஏன் இந்த ஓட்டத்தில் கிடைக்கிறது என்பதற்கு உடம்பு சார்ந்த காரணமே இருக்கிறது. குறுகிய தூரத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். பக்கத்தில் யார் வருகிறார் என்றுகூடத் தெரியாது. நெடுந்தூரப் பயிற்சியில் முதல் பாடமே வேறு. மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும். பேச்சு தடைபட்டால் வேகம் அதிகம் என்று பொருள். ஏற்றம் வந்தால் வெட்கப்படாமல் நடக்க வேண்டும். அந்த வேகத்தில் நான்கைந்து மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் போகிறவர்கள் வேறு என்ன செய்வார்கள்? பேசுவார்கள். அதுவும் விடிவதற்கு முன், எங்கள் மதுரையின் அழகர்கோவில் சாலையில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இருட்டில். கடன், மாமியார், பிள்ளையின் படிப்பு, ஸ்கேன் ரிப்போர்ட் என்று வீட்டில் வாய் திறக்காத விஷயங்கள் வழியில் கடச்சனேந்தல் ஊரைத் தாண்டும்போது தாமாக வெளியே வரும். எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துக் கேட்டிருந்தால் அவற்றில் பாதியை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நம் ஊரில் புதிதாக ஒரு சிநேகிதம் அமைவது அபூர்வம். பழக்கமெல்லாம் கணவர் வழியாகவோ பிள்ளைகள் வழியாகவோதான் வரும். நான் பல வருடங்கள் இன்னாருடைய மனைவியாக, இன்னாருடைய அம்மாவாக மட்டுமே அறியப்பட்டேன். மகளும் மகனும் வெளியூர் போன பிறகு, காலையில் டிபன் பாக்ஸ் கட்டுவதற்குக்கூட ஆளில்லாத வீட்டில், எதற்காக எழுந்திருக்கிறோம் என்ற கேள்வி உண்மையாகவே வந்தது. சேர்ந்து ஓடும் எங்கள் குழுவில்தான் என்னை என் பெயர் சொல்லி அழைத்தார்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்யும் அண்ணன், ஆட்டோ ஓட்டும் தம்பி, ஓய்வு பெற்ற செவிலியர் அக்கா, கல்லூரியில் படிக்கும் பெண் என்று கலவையான கூட்டம் எங்களுடையது. எந்த ஊர் என்று தொடங்கி எந்தத் தெரு என்று போய் முடிகிற விசாரணை நம்மிடம் உண்டே, அதை இங்கே யாரும் நடத்தவில்லை. இதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

மதுரையிலிருந்து அழகர்கோவில் ஏறக்குறைய 21 கிலோமீட்டர். போய்த் திரும்பினாலே மாரத்தான் தூரத்தை ஒட்டி வந்துவிடும். பழமுதிர்சோலைக்கு மலைச் சாலையில் ஏறி இறங்கினால் அல்ட்ரா. அப்படி ஒரு நாள் திரும்பும் வழியில் என் குதிகாலில் கொப்புளம் கட்டிவிட்டது. செவிலியர் அக்கா சாலையோரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அழுக்கும் வியர்வையுமான கால். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. மருந்தால் துடைத்து, உறையிலிருந்து புது ஊசி எடுத்துக் கொப்புளத்தின் ஓரத்தில் குத்தி, நீரை மட்டும் வெளியேற்றினார். “மேல்தோலை உரிக்கக் கூடாது, அதுதான் உள்ளே இருப்பதைக் காப்பாற்றும்” என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்திரி ஒட்டினார். என் அம்மாவுக்குப் பிறகு யாரும் என் காலை அப்படி மடியில் வைத்ததில்லை.

இப்போதெல்லாம் நான் ஓடுகிற நாட்களைவிட ஓடுகிறவர்களுக்குத் தின்னவும் குடிக்கவும் கொடுக்கும் உதவி மேசையில் நிற்கிற நாட்களையே அதிகம் விரும்புகிறேன். உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர். மணிக்கணக்கில் வியர்த்து ஓடுகிறவர் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலை சுற்றி, பேச்சு குழறி, உயிருக்கே ஆபத்தாகலாம். புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. தண்ணீரை மட்டுமே மடமடவென்று குடித்துவிட்டுப் பாட்டிலை மறுபடி நீட்டும் தம்பியைத் தடுத்து நிறுத்தி, கொஞ்சம் எதையாவது தின்னவைத்து அனுப்ப ஓர் ஆள் வேண்டும். சித்திரையில் அழகர் இதே சாலையில் வரும்போது வழியெங்கும் நீர்மோரும் பானகமும் கொடுக்கிற ஊர் நம்முடையது. அந்தக் கை நமக்குப் பழகிய கை.

ஆனால் ஒன்றைக் கவலையோடு சொல்ல வேண்டும். எத்தனை நிமிடத்தில் ஓடினேன் என்ற செயலிப் படங்களும் பதக்கப் படங்களும் குழுக்களில் குவியக் குவிய, மெதுவாக வருகிறவர்கள் மௌனமாக விலகிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கம்ரேட்ஸ் ஓட்டத்தைப் பாருங்கள். முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக, விக் கிளாப்பம் என்ற முன்னாள் வீரர் 1921இல் தொடங்கிவைத்தது. சுமார் 90 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. தோழமையின் பெயரால் எழுந்த அந்த ஓட்டத்திலேயே பெண்களையும் கறுப்பின மக்களையும் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது 1975இல்தான். அதற்கே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது! நல்ல நோக்கம் மட்டும் இருந்தால் கதவு தானாகத் திறந்துவிடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நம் குழுக்களிலும் யார் இன்னும் வரவில்லை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பல ஆயிரம் ரூபாய் காலணி வாங்க முடியாதவர்கள் வரவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குத் தனியாகத் தெருவில் இறங்க முடியாத பெண்கள் வரவில்லை. போட்டி நடத்துகிறவர்கள் கெடு நேரத்தைத் தாராளமாக வையுங்கள். கடைசி ஆள் வந்து சேரும்வரை மேசையை மடக்காதீர்கள். நுழைவுக் கட்டணத்தில் நாலு பேருக்காவது சலுகை கொடுங்கள்.

வர நினைக்கும் பெண்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். இரண்டு பேராக உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து அழைத்துப் போகிறோம். வேகத்தைப் பற்றிய யோசனையே வேண்டாம்; நடந்தே வந்தாலும் உங்களோடு கடைசிவரை ஒருவர் கூடவே வருவார்.