வகை 3 என்பது தரப் பட்டியல் அல்ல

வன்னியில் உள்ள சிறிய அரச ஆரம்பப் பாடசாலை பற்றிய பதிவின் கீழ், “வகை 3 என்றால் மூன்றாம் தரப் பாடசாலை என்று கல்வி அமைச்சே முத்திரை குத்திவிட்டது” என்ற கருத்தைப் பலர் பகிர்கிறீர்கள். அக்கறையில்தான் சொல்கிறீர்கள், ஆனால் அது சரியல்ல.

அந்த எண் கல்வித் தரத்தைக் குறிப்பதில்லை. எந்த வகுப்பு வரை, எந்தப் பிரிவுகள் உண்டு என்பதையே குறிக்கிறது. க.பொ.த. உயர்தர (தரம் 12, 13) வகுப்புகளில் விஞ்ஞானப் பிரிவும் இருந்தால் 1ஏபி, கலை அல்லது வர்த்தகம் மட்டும் என்றால் 1சி, தரம் 11 வரை என்றால் வகை 2. தரம் 5 அல்லது 8 வரை உள்ளவை வகை 3. இங்கே கொழும்பு மாவட்டத்திலேயே வகை 3 பாடசாலைகள் இருக்கின்றன. அந்த வன்னிப் பாடசாலைப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் எழுதுவது ஒரே தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாள்தான்.

ஆசிரியர் பற்றாக்குறை உண்மையான பிரச்சினை, அது வேறு விடயம்.

சரிபார்ப்பது சுலபம். கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பாடசாலைக் கணக்கெடுப்பு அறிக்கை இருக்கிறது. வகைகளின் விளக்கமும் மாவட்ட வாரியான எண்ணிக்கையும் அதிலேயே உண்டு. தயவுசெய்து பார்த்துவிட்டுப் பகிருங்கள். அந்தப் பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோரும் இதை வாசிக்கிறார்கள்.