முன்னால் அளக்காமல் "மாற்றம் இல்லை" என்று எப்படிச் சொன்னீர்கள்?

எண்ணெய்க் குழாய் ஆய்வறிக்கை பற்றிய சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். வராதவர்களும் இதற்குள் வீடியோ பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனசு ஆறவில்லை.

எண்ணெய்க் குழாயால் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே இருக்கும் நம் இசிபிங்கோ ஆற்று முகத்துவாரத்தில் "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று ஆய்வு செய்தவர்கள் ஸ்லைடில் போட்டார்கள். எதைவிட மாற்றம் இல்லை, முன்னால் எப்போது அளந்தீர்கள் என்று கேட்டேன். பழைய அளவு எதுவும் இல்லையாம். ஆறு மாதத்தில் மூன்று தடவை சேறு எடுத்தார்களாம், மூன்றும் ஒன்றுபோல் இருந்ததாம். காய்ச்சல்காரனுக்கு மூன்று தடவை தெர்மாமீட்டர் வைத்து மூன்றிலும் 102 வந்தால், உடம்பில் மாற்றம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவோமா?

முன்னால் அளக்காதவர் பின்னால் "மாறவில்லை" என்று சொல்லக் கூடாது. நான் சொல்வது இவ்வளவுதான்.

1986-இல் பனாமா நாட்டில் பஹியா லாஸ் மினாஸ் என்ற இடத்தில் சுத்திகரிப்பு ஆலையின் தொட்டி உடைந்து, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டுக்குள் எண்ணெய் புகுந்தது. அங்கே ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விபத்துக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கணக்கெடுத்து வந்தார்கள். அதனால்தான் எது போனது, எவ்வளவு போனது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. ஐந்து வருஷம் கழித்தும் அந்தச் சேற்றிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் வெஸ்ட் ஃபால்மவுத்தில் 1969-இல் ஒரு படகிலிருந்து டீசல் கொட்டியது. ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்குமே, அந்தச் சின்ன நண்டுகள் வளையை ஆழமாகத் தோண்டவில்லை. கீழே எண்ணெய் அடுக்கு இருந்தது. நண்டுக்குத் தெரிந்திருக்கிறது. மேலாக ஒரு கரண்டி சேறு எடுத்துப் போனால் இது அகப்படுமா?

நான் பேசும்போது பின்னாலிருந்து ஒருவர், "அம்மா, இது உணர்ச்சி, தரவு இல்லை" என்றார். அதுதான் இன்னும் குத்துகிறது.

என் தாத்தா டர்பன் வளைகுடாவில் கரைவலை இழுத்தவர். சாலிஸ்பரி தீவில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் கடற்படைக்கு இடம் வேண்டும் என்று அங்கிருந்த நம் ஆட்களைக் கிளப்பினார்கள். அப்புறம்தான் நாங்கள் டர்பனின் தெற்கே மெரிபேங்க் பகுதிக்கு வந்தது. கடல் வற்றும் நேரத்தில் என்னை இசிபிங்கோவுக்குக் கூட்டிப் போவார். நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைக் காட்டி, "மரம் இதால்தான் மூச்சு விடுது, மிதிக்காதே பாப்பா" என்பார். எண்ணெய் படிந்தால் முதலில் அடைபடுவது அந்த வேர்தான் என்று பிற்பாடு படித்தேன். எந்த மரத்தடியில் எத்தனை நண்டு வளை என்பது அவருக்கு மனப்பாடம். அவரிடம் யாரும் வந்து கேட்கவில்லை. அது தரவு இல்லையா?

"சுத்திகரிப்பு ஆலையெல்லாம் மூடியாச்சே, இன்னும் என்ன?" என்பீர்கள். ஆலை மூடினால் குழாய் மறைந்துவிடுமா? இங்கிருந்து ஜோஹன்னஸ்பர்க் பக்கம் போகிற குழாய் மட்டும் 555 கிலோமீட்டர். 2001-இல் பக்கத்து வென்ட்வொர்த் பகுதி வீடுகளுக்கு அடியில் 10 லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் கசிந்ததே, அந்தக் குழாயும் பத்திரமாக இருப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

"நீ கார் ஓட்டவில்லையா?" ஓட்டுகிறேன். அதனால் கேட்கக் கூடாதா?

"ஆற்றில் சாக்கடையும் பிளாஸ்டிக்கும்தானே அதிகம்?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். 2022 வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் எப்படி ஓடியது என்று நாமே பார்த்தோம். ஆனால் எண்ணெய்க்கும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தால் கச்சா எண்ணெயா, டீசலா, எங்கிருந்து வந்தது என்றுகூடச் சொல்லலாம். அதைச் செய்தார்களா? அறிக்கையில் அந்தப் பக்கமே இல்லை.

டர்பன் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுமார் 440 ஹெக்டேர் அலையாத்தி இருந்தது. இன்று வளைகுடாவின் பேஹெட் பகுதியில் மிஞ்சியிருப்பது 15 ஹெக்டேர். அது போனபோதும் "மாற்றம் இல்லை" என்று எந்தக் காகிதத்திலாவது எழுதியிருப்பார்கள். நம் தீவு போனது, வலை போனது, நண்டும் போனது. ஒவ்வொரு தடவையும் நம்மை உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். சனிக்கிழமை நான் கையெழுத்துப் போடவில்லை. போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம் உண்டு.

சரி, ஒரு வேலை இருக்கிறது. புனித வெள்ளிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்று முகத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் நிறைய. அம்மா பெட்டியில், பழைய ஆல்பத்தில் தேடுங்கள். பின்னால் மரம் தெரிகிற எந்தப் படமானாலும் சரி, எந்த வருஷம், எந்தக் கரை என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். என்னிடம் இப்போது நான்கு இருக்கிறது. ஒன்றில் தாத்தா நிற்கிறார், முழங்கால் வரை சேறு.