ஜெர்சி மாற்றியவன் துரோகியா?

ஒரு ஃபுட்பால் வீரர் அணி மாறினால் போதும், "காசுக்காகப் போயிட்டான்" என்று கமென்டில் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பசங்களே அப்படி எழுதுவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. ஃபுட்பால் ஆடிச் சம்பளம் வாங்கி ரிட்டயர் ஆனவன் நான். அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எல்லாரும் இத்தாலி ஆட்டக்காரர் டோட்டியை உதாரணம் காட்டுகிறார்கள். 1993 முதல் 2017 வரை ரோமா அணிக்கு மட்டுமே ஆடியவர், பெரிய ஆட்டக்காரர். ஆனால் பிறந்த ஊரிலேயே அவருக்கு ஒரு பெரிய கிளப் இருந்தது. நம் நாட்டில் என்ன நடந்தது? 1996-97-ல் முதல் தேசிய ஃபுட்பால் லீகை வென்ற பஞ்சாபின் ஜேசிடி, 2011-ல் அணியையே கலைத்தது. 2005-06 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட் 2010-ல் மூடப்பட்டது. 2025-ல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நடக்குமா என்றே தெரியாமல் இருந்தபோது பெங்களூரு எஃப்சி வீரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. நிர்வாகத்துக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும், சரி. வாடகை கட்ட வேண்டிய வீரன் வேறு இடம் தேடினால் அவன் மட்டும் எப்படித் துரோகி ஆவான்?

எங்கள் காலத்தில் வங்கி, ரயில்வே, ஐசிஎஃப் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கொடுத்து ஆட வைத்தார்கள். இந்தியன் வங்கி அணி தேசிய லீகிலேயே ஆடியது. வேலை நிரந்தரம், ஒன்றாம் தேதி வீட்டுக்குச் சம்பளம் வந்துவிடும், பூட்ஸைக் கழற்றிய பிறகும் ஆபீஸில் சீட் இருக்கும். அதனால்தான் நாங்கள் கடைசி வரை ஒரே அணியில் இருந்தோம். அந்த விசுவாசத்தில் பாதி, அந்த வேலை கொடுத்த தைரியம். இன்றைக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஒப்பந்தம் போடும் பையனிடம் அதையே எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அணிக்கு உண்மையாக இருக்கிறானா என்று பார்க்க வேண்டுமென்றால் கிரவுண்டில் பாருங்கள். நான் டிஃபெண்டர். சென்னை லீக்கில் எங்கள் தெருவிலேயே வளர்ந்த ஸ்ட்ரைக்கரை மார்க் பண்ண வேண்டி வரும். முந்தின நாள் ராத்திரி ஒரே டீக்கடையில் உட்கார்ந்திருப்போம். மறுநாள் பந்துக்குப் போகும்போது நானும் விட்டுக்கொடுத்ததில்லை, அவனும் தயவு பார்த்ததில்லை. நண்பனாச்சே என்று காலை இழுத்துக்கொண்டால் அவனை மட்டமாக நினைக்கிறோம் என்றுதான் அர்த்தம். அதுவும் தவிர, பாதி மனசோடு டேக்கிளுக்குப் போகிறவனுக்குத்தான் அடி படும். ஆடினவர்களுக்கு இது தெரியும்.

அப்புறம், ஒரே அணி என்றால் எல்லாரும் அண்ணன் தம்பி மாதிரி இருப்போம் என்று நினைக்காதீர்கள். எங்கள் கோல்கீப்பருக்கும் எனக்கும் ஒரு சீசன் முழுக்கப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் கார்னர் வந்தால் என் பெயரைத்தான் கத்துவார். நானும் தலையைக் கொடுத்து க்ளியர் பண்ணுவேன். அந்தச் சண்டையை டிரெஸ்ஸிங் ரூம் வாசலைத் தாண்டி நாங்கள் கொண்டுவரவில்லை. என் ஆட்ட வாழ்க்கையில் நான் ரொம்பப் பெருமைப்படுவது அதற்குத்தான். வாங்கிய கோப்பைகள் எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

நம்ம வியாசர்பாடி நந்தகுமார் சேகரையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை சிட்டி, ஒடிசா என்று ஆடிவிட்டு கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அங்கே சேர்ந்த முதல் சீசனிலேயே, 2023 ஆகஸ்ட்டில், டுரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலில் அணி ஜெயித்தது. அதற்கு முன், அதே ஊர் எதிரியான மோகன் பகானிடம் வரிசையாக எட்டு டெர்பி தோற்ற அணி அது. கொல்கத்தா ரசிகர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எத்தனை கிளப் மாறி வந்தார் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருப்பார்களா? போட்டிருந்த ஜெர்சிக்கு முழுசாக ஆடினார், அவ்வளவுதான்.

முல்லை நகர் கிரவுண்டிலிருந்து இன்னும் பல பசங்கள் கிளப்புகளுக்குப் போவார்கள். தம்பிகளே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் போடும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். முழங்காலில் அடிபட்டால் ஆபரேஷன் செலவு யாருடையது, ஆட முடியாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, பாதியில் அணியைக் கலைத்தால் மீதிப் பணம் வருமா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் எங்களை மாதிரிப் பழைய ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், நாங்கள் வந்து கேட்கிறோம்.