ஜான் வெல்லிங்ஹாஃப் குறித்த பதிவுக்கு ஒரு திருத்தம்

மின்துறையே அறியாத வழக்கறிஞரான ஜான் வெல்லிங்ஹாஃபை ஒபாமா அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்குள் கொண்டுவந்தார் என்றும், அவர் காலத்து 745ஆம் ஆணை நீதிமன்றத்தில் தோற்றது என்றும் அந்தப் பதிவில் எழுதியிருப்பது சரியல்ல.

அவரை 2006இல் ஆணையத்தின் உறுப்பினராக நியமித்தவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களில் மூவருக்கு மேல் ஒரே கட்சியினர் இருக்கக் கூடாது என்பது சட்டம் என்பதால், குடியரசுக் கட்சி அதிபர் ஜனநாயகக் கட்சிக்காரரை நியமிப்பது அங்கே புதிதல்ல. ஒபாமா 2009இல் அவரைத் தலைவராக்கினார். அதற்கு வெகு முன்பே நெவாடா மாநிலத்தின் முதல் நுகர்வோர் வழக்குரைஞராக, மின்கட்டண விவகாரங்களில் மக்கள் பக்கம் நின்று வாதாடியவரை மின்துறை அறியாதவர் என்பது பெரும் அநியாயம்.

ஆணையின் கதைக்கு வருவோம். தேவை உச்சத்தில் இருக்கும்போது ஒரு தொழிற்சாலை தன் இயந்திரங்களை நிறுத்தி தன் மின்நுகர்வில் ஒரு மெகாவாட்டைக் குறைத்தால், அது மின்சந்தைக்குச் சிக்கனமாக அமையும் நேரங்களில், ஒரு மெகாவாட் உற்பத்தி செய்யும் நிலையத்துக்குரிய அதே விலையை அதற்கும் தர வேண்டும் என்பதே 2011இல் வெளியான அந்த ஆணை. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது உண்மைதான். பதிவு அங்கேயே நின்றுவிட்டது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 6-2 என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை மாற்றி, ஆணை செல்லும் என்றது.