சீருடைப் படம் வேண்டாம் என்றார் அம்மா

அப்பா போய் மூன்று வாரம் ஆகிறது. அஞ்சலிக்கு எந்தப் படத்தை வைப்பது என்பதில்தான் வீட்டில் முதல் சண்டை. எனக்கும் தம்பிக்கும் சந்தேகமே இல்லை. 24 வயதில், சீருடையில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் படத்துல இருக்கறவரோட நான் சேர்ந்தாப்புல ரெண்டு மாசம்கூட இருந்ததில்லடா. எனக்குத் தெரிஞ்ச மனுஷன் கண்ணாடி போட்டவர்" என்றார். கடைசியில் தம்பி மகளின் போனில் இருந்த படத்தை வைத்தோம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தபோது எடுத்தது.

அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அம்மா சொன்னதுதான் சரி என்று படுகிறது. அப்பா ராணுவத்தில் இருந்தது 17 வருடம். வீட்டில் இருந்தது 38 வருடம். வந்த இரங்கல் செய்திகளோ அந்த 17-ஐத் தாண்டவில்லை. வீரர், தியாகி, தேசத்துக்காக வாழ்ந்தவர். எல்லாம் அன்பாக எழுதியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் இறந்துவிட்டால், அவரே கழற்றி மடித்து ட்ரங்குப் பெட்டியில் வைத்த சீருடையை நாம் எடுத்து மறுபடி மாட்டிவிடுகிறோம்.

அவர் ஓய்வுபெற்று வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதுவரை எனக்கு அப்பா என்றால் லீவில் வந்துபோகிறவர். ஒரு மாதம் கழிந்ததும், "எப்பப்பா திரும்பிப் போவீங்க?" என்று கேட்டேனாம். அவர் பதிலே சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டாராம். இதை அம்மா என்னிடம் சொன்னதே போன வாரம்தான்.

முதல் இரண்டு வருடம் சுலபமாக இல்லை. போர்வையை மடிப்பதில் ஓரம் கொஞ்சம் பிசகினாலும் பிரித்துப் போட்டுவிடுவார். காலையில் விசில் ஊதி எழுப்புவார். எதற்கு என்றே தெரியாமல் கத்துவார், அப்புறம் நாள் முழுக்கப் பேசமாட்டார். ஆனால் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். அக்காவுக்குப் பின்னல் போடக்கூடக் கற்றுக்கொண்டார். கயிறு முறுக்குகிற மாதிரி இறுக்கிப் போடுவார். சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது, அக்காவுக்குத்தான் தலைவலி வரும். மூன்று பேரின் நோட்டுகளுக்கும் அட்டை போடுவது அவர் வேலை. காகிதத்தை மடித்து நகத்தால் ஓரத்தை நீவும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ராத்திரி அவருக்கு ஒரு ரவுண்ட்ஸ் உண்டு. வாசல் தாழ்ப்பாள், பின்கதவு, அடுப்பு, ஜன்னல்கள், கடைசியாக எங்கள் மூவரின் போர்வை. டார்ச்சின் முன்பக்கத்தை விரல்களால் மூடி, வெளிச்சம் முகத்தில் படாமல் வருவார்.

அடக்கத்தின்போது அவருடைய பழைய படைப்பிரிவிலிருந்து வந்திருந்த ஒருவர் பியூகிளில் 'லாஸ்ட் போஸ்ட்' ஊதினார். அதைச் சாவு இசை என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். பிரிட்டிஷ் படை முகாம்களில் இரவு ரோந்து தொடங்கும்போது 'ஃபர்ஸ்ட் போஸ்ட்', கடைசிக் காவலிடத்தையும் பார்த்து முடித்ததும் 'லாஸ்ட் போஸ்ட்'. எல்லாம் சரியாக இருக்கிறது, போய்ப் படுங்கள் என்பதற்கான அழைப்பு அது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில், முதல் உலகப் போரில் கல்லறைகூட இல்லாமல் மறைந்தவர்களின் பெயர்கள் பொறித்த மெனின் வாயிலில் தினமும் இரவு 8 மணிக்கு இதை ஊதுகிறார்கள். 1928-இல் தொடங்கிய வழக்கம். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் நின்றுபோனது, 1944 செப்டம்பர் 6 அன்று நகரம் மீண்ட அதே மாலை மறுபடி ஒலித்தது. இதையெல்லாம் நான் படித்ததே அடக்கம் முடிந்து வந்த இரவில்தான். அன்றைக்குப் பின்கதவைப் பூட்ட யாருக்கும் ஞாபகமில்லை.

அந்த ரவுண்ட்ஸைப் பாசம் என்று எழுதி முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அம்மா விடவில்லை. "பாசம்தான். ஆனா பாதி நாள் அவருக்குத் தூக்கமே வராதுடா" என்றார். போரிலிருந்து திரும்பியவர்களைத் துரத்தும் இந்த அவதிக்கு முதல் உலகப் போர்க் காலத்தில் 'ஷெல் ஷாக்' என்றார்கள். பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு, என்ற பெயரில் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது இடம்பிடித்ததே 1980-இல்தான். அப்பாவுக்கு அதுதானா என்று யாரும் பரிசோதித்ததில்லை. வீரர் என்று சொல்லிவிட்டால் அப்படிக் கேட்கவும் தோன்றாது, இல்லையா?

ட்ரங்குப் பெட்டியில் மெடல்களுக்கு அடியில் ஒரு கட்டுக் கடிதம் கிடைத்தது. தபால் முன்பின்னாகப் போய்ச் சேரும் என்பதால் இருவருமே கடிதங்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். அப்பாவின் ஒவ்வொரு கடிதமும் வந்துசேர்ந்தவற்றின் கணக்கோடுதான் தொடங்கும். போர் பற்றி ஒரு வரி இல்லை. அக்காவுக்குப் பல் முளைத்ததா, கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்தாயா, இவ்வளவுதான். ஒன்றில் இப்படி இருந்தது: "41 கிடைத்தது. 43 கிடைத்தது. 42 இன்னும் வரவில்லை. அதில் என்ன எழுதியிருந்தாய்?" அடுத்த நான்கு கடிதங்களிலும் அதே கேள்வி.

அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பத்திரெண்டுன்னு ஒண்ணு நான் எழுதவே இல்ல. லீவு கிடைச்சும் வரலைன்னு கோவம். தேடட்டும்னு ஒரு நம்பரைத் தாண்டிட்டேன். கடைசி வரைக்கும் தபால்காரங்களைத்தான் திட்டிக்கிட்டிருந்தார், பாவம்."